எப்ப சொன்னது?

மிஸ்ஸிடம் எதையும் நிகழ்காலத்தில் சொல்லித் தப்ப முடியாது. "முதலாளி வாறார்" என்றால், "எப்ப சொன்னவர்?" என்று கேட்பார். "வெளியில மழை" என்றால், "நீங்கள் எப்ப பாத்தனீங்கள்?" என்பார். ஒருமுறை பேச்சுவாக்கில், "வீட்டில மனுசி சுகமா இருக்கிறா மிஸ்" என்று சொல்லிவிட்டேன். "கடைசியா எப்ப கேட்டனீங்கள்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான வருடம் ஒருதரம் கேட்ட ஞாபகம்.

அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. எனக்கு நாற்பத்துமூன்று. அவர் எனக்கு மேலதிகாரி. நான் கட்டாரில் பத்து வருடம் கழித்துவிட்டு, சேமித்ததில் பெரும்பகுதியை வயிற்றில் சுமந்துகொண்டு திரும்பி வந்தவன். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வேலை செய்த இடத்தில் எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். காவலாளி முதல் முதலாளி வரை. நானும் அப்படியே. அவர் என்னை அண்ணை என்றார். அந்த அண்ணையில் மரியாதை இருந்தது. நான் அதற்குத் தகுதியானவனா என்பது பற்றித்தான் இந்தக் கதை.

மிஸ் இப்போது மெல்பேர்னில் நன்றாக இருக்கிறார். போன தைப்பொங்கலுக்குச் சொன்னது.

எங்களுடையது ஒரு குளிர்க் களஞ்சியம். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் பக்கத்தில் இருந்தது. எட்டுக் குளிர் அறைகள். றால், மீன், ஐஸ்கிரீம், எங்கிருந்தோ கப்பலில் வந்த முந்திரிகைப்பழம் எல்லாம் வாடகைக்கு உள்ளே படுத்திருக்கும். நானும் மிஸ்ஸும் இருந்த கட்டுப்பாட்டு அறை முன்பு பழைய சாக்குகள் போட்டு வைத்த அறை. ஜன்னல் இல்லை. இரண்டு கதிரை, ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், மேலே ஒரு மின்விசிறி. கதவு உட்பக்கமாகத் திறக்கும். ஆகவே யாராவது உள்ளே வந்தால் நான் எழும்பி வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். காலை எட்டரை மணிக்குக் கதவைச் சாத்தினால் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் எனக்கு உலகம் இருப்பது தெரியவரும்.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குளிர் அறை வாசலிலும் ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கும். உள்ளே எவ்வளவு குளிர் என்று அது அளக்கும். அறைக்குள்ளே ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. யாராவது உள்ளே அகப்பட்டுக்கொண்டால் அதை அழுத்த வேண்டும். அந்தச் செய்தியும் அதே பெட்டிக்குத்தான் போகும். எட்டுப் பெட்டிகளும் ஒரே வயரில் தொங்கின. எங்கள் கொம்பியூட்டர், வகுப்பாசிரியை வரவு பார்ப்பது மாதிரி, இடாப்புக் கூப்பிடும். ஒன்று? என்றால் ஒன்றாம் நம்பர்ப் பெட்டி மட்டும் வாயைத் திறந்து, மைனஸ் பதினெட்டு, பட்டன் அழுத்தவில்லை, என்று சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். பிறகு இரண்டு. பிறகு மூன்று. மூன்றுதரம் கூப்பிட்டும் சரியான பதில் வராவிட்டால் ஸ்கிரீனில் அந்தக் கட்டம் சிவக்கும். கீழே 'தொடர்புப் பிழை' என்று வரும். மேசைக்கடியில் இருக்கும் அலாம் கத்தும்.

எனக்குப் பிழை என்றால் பிழைதான். சிவப்பைக் கண்டால் கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போடுவேன். பத்து வருட அனுபவத்தின் சாரம் அது.

நான் வந்த முதல் மாதத்தில் மூன்றாம் அறை சிவந்தது. "பெட்டி செத்துப்போச்சு மிஸ். புதுசு போடுவம்" என்றேன்.

"எந்தப் பிழை அண்ணை?"

"எரர்தான் மிஸ்."

"கூப்பிட்டும் பேசேல்லையா? பேசினது விளங்கேல்லையா? இல்லாட்டி விளங்கி, 'எனக்கு ஏலாது' எண்டு சொன்னதா?"

மூன்றும் ஒன்றில்லையா என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் ஸ்கிரீனில் எங்கேயோ அழுத்தி, நான் ஒருபோதும் திறந்திராத ஒரு பக்கத்தைத் திறந்தார். பேசவில்லை என்றால் வயரைப் பார்க்க வேண்டுமாம். பேச்சு விளங்கவில்லை என்றால் வயரில் இரைச்சல், அல்லது இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். ஏலாது என்று சொன்னால் ஆள் உயிரோடுதான் இருக்கிறது, எங்கள் கேள்விதான் பிழை. மூன்றாம் பெட்டி பேசவில்லை. போய்ப் பார்த்தால், லோடிங் ஆட்கள் கொக்கியை மாட்டி வைத்த ஆணி வயரைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் செத்துவிட்டதாக அறிவித்த பெட்டி அதற்குப் பிறகும் நன்றாக வேலை செய்தது.

ஸ்கிரீனில் ஒவ்வொரு இலக்கத்துக்குப் பக்கத்திலும் மிஸ் இன்னோர் இலக்கம் வைத்திருந்தார், சின்ன எழுத்தில். அந்தப் பெட்டி கடைசியாகப் பதில் சொல்லி எத்தனை செக்கன் என்பது. "இலக்கத்துக்கு வயசு தெரியாட்டி அது வதந்தி" என்பார். அது போதாதென்று றால் பெட்டி அட்டையை வெட்டி மேசையில் வைத்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் அதில் நேரம் போட்டு எழுதுவார். '9.05 – முதலாளி – டீசல் வரும்.' '11.20 – அண்ணை – இப்ப வாறன்.' அந்த இரண்டாவதுக்கு நேரே '12.10 – வந்தவர்' என்றும் எழுதியிருந்தார். கோபமில்லை, நக்கலில்லை. எழுதினார், அவ்வளவுதான். நக்கலென்றால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

வெள்ளவத்தையில் அவர் வீட்டுக்கு ஒரு கல்யாணப் புரோக்கர் வந்த கதையை அவரே சொன்னார். புரோக்கர் கோப்பியைக் குடித்துக்கொண்டு, "பெடியன் குடிக்கிறேல்லை பிள்ளை" என்றாராம். இவர், "எப்பத்தில இருந்து?" என்று கேட்டாராம். புரோக்கர் கோப்பியை முடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

"ஏன் மிஸ் அப்பிடிக் கேட்டனீங்கள்?"

"அவருக்குத் தெரிஞ்சிருந்தால் சொல்லியிருப்பார்தானே. தெரியாததால எழும்பினவர்."

ஒரு விஷயத்தை நான் நன்றாகக் கவனித்து வைத்திருந்தேன், கள்ளன் பூட்டைக் கவனிப்பது போல. எப்ப என்று கேட்பார். நேரத்தைச் சொன்னால் அதற்கு மேல் கேட்க மாட்டார். பெட்டிகளையும் வயர்களையும் சந்தேகிக்கிற மனுசி, ஓர் ஆள் முகத்தைப் பார்த்து 'காலமை எட்டே முக்காலுக்கு' என்று சொன்னால் அப்படியே நம்பி அட்டையில் எழுதிவிடுவார்.

அவருடைய தங்கச்சியின் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். முதல்நாளே எட்டாவது அறையின் பெட்டி எரிந்துபோனது.

எட்டாவது அறை என்று நான் உங்களிடம் சொல்லலாம்; முதலாளிக்கு முன்னால் சொல்ல முடியாது. அவருக்கு எட்டு ஆகாது. கதவில் ஏழுக்குப் பிறகு 7A என்றுதான் எழுதியிருந்தது. மிஸ் பழைய பெட்டிக்கு எட்டு என்றே நம்பர் வைத்திருந்தார். முதலாளியிடம் சொல்லவில்லை, அவரும் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் இல்லை. என் கெட்டகாலம், நான் புதுப் பெட்டியைப் பூட்டி அதற்கு நம்பர் வைக்கிற சின்னச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது, முதலாளி விபூதி மணக்கப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, எட்டிலயோ நிப்பாட்டப் போறீர்?"

"இல்லை முதலாளி. சும்மா சுத்திப் பாக்கிறன்."

"எனக்கு எட்டு சரிவராது. உமக்குத் தெரியும்தானே."

7A என்றால் ஏழுதானே என்று நினைத்தேன். சக்கரத்தை ஏழில் விட்டேன். கொம்பியூட்டரிலும் 7A-க்கு நேரே ஏழு என்று மாற்றினேன். முதலாளி திருப்தியாகப் போனார். இரண்டு நிமிடத்தில் ஏழும் 7A-யும் சேர்ந்து சிவந்தன. அலாம் கத்தியது. நிறுத்தித் திரும்பப் போட்டேன். திரும்பக் கத்தியது. மாடியிலிருந்து முதலாளி, "என்ன சத்தம் தம்பி?" என்றார்.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். எடுத்தால் எந்தப் பிழை என்று கேட்பார். கட்டார்க்காரன் எப்படிப் பதில் சொல்வான்? மென்பொருளில் ஒரு மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பதில் பிழையாக வந்தாலும், வராவிட்டாலும், கடைசியாகக் கிடைத்த இலக்கத்தையே நல்ல இலக்கமாக எடுத்துக்கொள் என்று அர்த்தம். அதில் ஒரு சரி போட்டேன். சிவப்புப் போனது. அலாம் அடங்கியது. மிஸ் பக்கத்தில் வைத்த வயது இலக்கம்கூட ஏமாந்துபோய், இரண்டு செக்கன், இரண்டு செக்கன் என்று சொல்லத் தொடங்கியது.

"கட்டாரில இப்பிடித்தான் முதலாளி செய்யிறது" என்று மாடியைப் பார்த்துச் சொன்னேன். கட்டாரில் அப்படி யாராவது செய்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள்.

நாலாம் நாள் மிஸ் வந்தார். கையில் இன்னும் மருதாணி. கதிரையில் உட்கார்ந்து அரைமணி நேரத்துக்குள், "அண்ணை, ஏழும் 7A-யும் ஏன் ஒரே இலக்கம் சொல்லுது?" என்றார்.

"பக்கத்துப் பக்கத்து அறைதானே மிஸ்."

"ஏதும் கைவைச்சனீங்களா?"

"பெட்டி மட்டும் மாத்தினனான். பழசு எரிஞ்சுபோச்சு."

"பட்டன் அழுத்திப் பாத்தாச்சா?"

ஒவ்வொரு திங்கட்கிழமையும் எட்டு அறைக்குள்ளும் போய்ப் பட்டனை அழுத்திப் பார்ப்பது என் வேலை. எட்டுத்தரம் குளிருக்குள் போய்வருவது மூட்டுக்குக் கூடாதென்று நான் இருந்த இடத்திலிருந்தே புத்தகத்தில் சரி போட்டுவிடுவேன்.

"ஓம் மிஸ்."

"எப்ப?"

"திங்கக்கிழமை. காலமை ஒன்பது மணிக்கு."

அட்டையில் எழுதினார். பிறகும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை வெப்பமானியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். இரண்டு அறையும் ஒரே அளவில் வைத்திருந்ததால் வெப்பமானியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சரி" என்றார். கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குளிர் என்று நினைத்தேன்.

இப்படிப் பதினொரு நாள் போனது.

பதினோராம் நாள் மத்தியானம். லோடிங் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மிஸ் மாடியில் முதலாளியிடம் போக எழும்பினார். நான் சுவரோடு ஒட்டினேன். "நான் 7A-க்குப் போய் விசிறியில ஐஸ் பிடிச்சிருக்கா எண்டு பாத்திட்டு வாறன் மிஸ்" என்றேன். வேலை செய்கிற ஆளாகத் தெரிய வேண்டுமென்று ஒரு ஆசை. அவர் வழக்கம்போல அட்டையில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். என் போன் மேசையில் சார்ஜில் கிடந்தது.

வாசலில் பெயர் எழுதும் புத்தகத்தில் நான் எழுதவில்லை. ஜக்கெட் ஒன்று மாட்டினேன். அது வயிற்றுக்கு மேல் பூட்ட மறுத்தது. உள்ளே போனேன். கனத்த கதவு பின்னால் சாத்திக்கொண்டது. விசிறியைப் பார்த்தேன். ஐஸ் இல்லை. திரும்பி வந்து, கதவைத் திறக்கிற தடியைத் தள்ளினேன். அது அசையவில்லை. தோளால் தள்ளினேன். முதுகால் தள்ளினேன். தடியைச் சுற்றி ஐஸ் வெள்ளை மோதிரம் மாதிரி இறுகியிருந்தது.

பயப்படவில்லை. சிவப்புப் பட்டன் இருக்கிறதே. அழுத்தினேன். பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பெட்டிக்குக் கேட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். றால் பெட்டி ஒன்றின் மேல் மரியாதையாக உட்கார்ந்து காத்திருந்தேன். மிஸ் வந்து திறக்கும்போது என்ன நகைச்சுவை சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்தேன்.

ஒருவரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். பச்சை எரிந்தது. மூக்கின் நுனி முதலில் என்னை விட்டுப் போனது, பிறகு காதுகள். எழும்பி நின்று கைகளை வீசினேன். பள்ளிக்கூடத்தில் படித்த தேகப்பயிற்சியெல்லாம் செய்தேன். விசிறியின் இரைச்சலில் நான் கத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கதவில் அடித்தேன், அரை அடி மொத்தமான கதவு தலையணை மாதிரிச் சத்தத்தை விழுங்கியது. மூச்சு முன்னால் புகையாக நின்றது. மூன்றாந்தரம் அழுத்தினேன். அப்போதுதான் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தபடி நின்றுகொண்டு, மிஸ் கேட்பதுபோல என்னை நானே கேட்டேன்: எந்தப் பிழை?

பெட்டி பேசுகிறது. அதன் நம்பர் என்ன? ஏழு. பக்கத்து அறையின் நம்பர் என்ன? ஏழு. இடாப்பில் ஏழு என்று கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து வாய் திறக்கும். ஒன்றும் விளங்காது, எப்போதாவது விளங்கினால் அது கிட்ட இருக்கிற ஏழாம் அறையின் குரலாகத்தான் இருக்கும். விளங்காத நேரமெல்லாம் என்ன செய்யச் சொல்லியிருக்கிறேன்? கடைசியாகக் கிடைத்ததையே நல்லதாக எடுத்துக்கொள். கடைசியாகக் கிடைத்தது: மைனஸ் பதினெட்டு, பட்டன் அழுத்தவில்லை.

பதினொரு நாளாகத் தீராத கணக்கு, மூளை உறையத் தொடங்கியதும் ஒரே நிமிடத்தில் தீர்ந்தது. அவ்வளவு கெட்டித்தனத்தையும் சொல்லிக் காட்ட அங்கே றால்கள் மட்டும்தான் இருந்தன. நான் உட்கார்ந்தேன். இந்தமுறை மரியாதையாக அல்ல. மனுசியிடம் சுகமா என்று கேட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தேன். மகள் அன்று காலை என்னவோ கேட்டாள். அது என்னவென்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் என்னை அழவைத்தது. கண்ணீர் இமையில் ஒட்டிக்கொண்டது.

வெளியே நடந்ததைப் பிறகு காவலாளி சொன்னார். மிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து ஸ்கிரீனைப் பார்த்திருக்கிறார். ஏழும் 7A-யும் ஒரே இலக்கம், புள்ளிக்குப் பிறகும் அதே. அட்டையைப் பார்த்திருக்கிறார். '2.10 – அண்ணை – 7A.' கதவு திறந்து ஓர் ஆள், அதுவும் என்னளவு ஆள், உள்ளே போயிருந்தால் அந்த இலக்கம் கொஞ்சமாவது கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. "மாத்தையா எளியட்ட ஆவாத?" என்று காவலாளியிடம் சிங்களத்தில் கேட்டாராம், வெளியே வந்தாரா என்று. "நே மிஸ்" என்றிருக்கிறார் அவர். உடனே 7A-க்கு ஓடினாராம். அந்த மனுசி ஓடி நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, உள்ளே இருந்தேன்.

கதவு திறந்தது. வெளிச்சமும் கொட்டாஞ்சேனையின் சூடும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. மிஸ் என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபத்தாறு நிமிஷம். நடக்க ஏலுமா அண்ணை?"

யோசித்து வைத்த நகைச்சுவையைச் சொல்ல வாய் திறந்தேன். பல்லுகள்தான் பேசின.

நான் போர்வைக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மென்பொருளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொம்பியூட்டர், சரி போட்ட நாளையும் நேரத்தையும் எழுதி வைத்திருந்தது. நான் இல்லையென்று சொல்ல அதில் இடமிருக்கவில்லை. அவர் ஏசவில்லை. முதலாளியிடம் இருவரும் போய்ச் சொன்னோம். தடிக்கு அன்றைக்கே கிரீஸ் போட்டு, சுற்றி ஐஸ் பிடிக்காமல் சூடு வயரும் சுற்றினார்கள். பெட்டிக்கு நம்பர் மாற்ற வேண்டி வந்தபோது முதலாளி இந்த நிலையிலும், "எட்டு மட்டும் வேண்டாம் மிஸ்" என்றார். மிஸ் பதினேழு வைத்தார். முதலாளிக்குச் சந்தோஷம். ஒன்றையும் ஏழையும் கூட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்து செய்த சேவை போதும்.

பின்னேரம் மிஸ் வாசல் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இந்தப் பதினொரு நாளும் அந்த ரெண்டு அறைக்குள்ளயும் போன ஆக்கள் எல்லாற்றை பேரும் இதில இருக்கு. உள்ள அகப்பட்டிருந்தால் எங்களுக்குக் கேட்டிராது எண்டு ஒவ்வொருத்தரிட்டையும் நீங்களே போய்ச் சொல்லோணும்."

"முதலாளி சொன்னால் காணாதா மிஸ்?"

"முதலாளிக்கு என்ன தெரியும்?"

எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பேர். முதலில் பெரியசாமியிடம் போனேன். ஹட்டன் பக்கத்து ஆள், லோடிங் ஆட்களுக்குத் தலைவர். இந்தப் பதினொரு நாளில் ஆறுதரம் 7A-க்குள் போயிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"நாங்க அந்தப் பட்டன எப்பவும் நம்புறது இல்லைங்க சேர்."

"அப்ப?"

"ஒருத்தன் உள்ள போனா ஒருத்தன் வெளிய நிப்பான். அப்பப்ப கொக்கியால கதவத் தட்டுவான். உள்ள இருக்கிறவன் திருப்பித் தட்டணும்."

"தட்டாட்டி?"

"மூணு தடவ பாப்போம். அப்புறம் தொறந்துருவோம்." பிறகு, "நீங்க படிச்சவங்க, தனியாப் போறீங்க. கேக்கணும்னு நெனப்போம். எப்பிடிங்க சேர் கேக்குறது?" என்றார்.

இரண்டு நாளில் பதின்மூன்று பேருக்குச் சொல்லி முடித்தேன். ஒருவர் ஏசினார். ஐஸ்கிரீம் கொம்பனிக்காரர் ஒருவர் எதுவும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினாலாவது பெயர் மிஸ்ஸுடையது. நாலாம் நாள், 7A, தனியாக. வட்டமான, சின்னக் கையெழுத்து.

புத்தகத்தைத் தந்தவருக்கே தெரியாமல் இருக்குமா? ஆகவே சொல்லத் தேவையில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பட்டன் வேலை செய்யும் என்று அவர் உள்ளே போனது பெட்டியை நம்பியல்ல. திங்கக்கிழமை காலமை ஒன்பது மணி என்ற என்னுடைய வார்த்தையை நம்பி.

நாலு நாள் அந்த ஜன்னலில்லாத அறையில், முழங்காலுக்கு முழங்கால் முட்டாத குறையாக, அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். குளிர் அறைக்குள் இருபத்தாறு நிமிடம்தான். அங்கே கத்தவாவது முடிந்தது. ஒருதரம், "மிஸ்" என்று தொடங்கினேன். முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் சுவரோடு ஒட்டினேன். இன்னொருதரம், "மிஸ்" என்றேன், "சொல்லுங்கோ அண்ணை" என்று திரும்பினார், "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். அன்றைக்கு அது ஐந்தாவது தேநீர். அவரும் அந்த நாட்களில் அவ்வளவாகப் பேசவில்லை. என்மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பெரியசாமியை வாசலில் நிறுத்திவிட்டு, எட்டு அறைக்குள்ளும் போய், எட்டுப் பட்டனையும் அழுத்தினேன். என் வாழ்க்கையில் முதல்தரம். 7A-க்குள் நிற்கும்போது கொக்கிச் சத்தம் கேட்டது. திருப்பித் தட்டினேன். திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். மூட்டு வலித்தது.

"எட்டும் கேட்டது" என்றார் மிஸ். பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தார். "எப்ப அழுத்தினனீங்கள் அண்ணை?"

"இண்டைக்கு. ஒன்பது மணியில இருந்து ஒன்பது இருபது வரைக்கும்." நிறுத்த நினைத்தேன். வாய் நிற்கவில்லை. "அதுக்கு முதல் ஒருநாளும் அழுத்தேல்லை மிஸ். நீங்கள் வந்த அண்டைக்குத் திங்கக்கிழமை ஒன்பது மணி எண்டு சொன்னது பொய். நான் இந்தக் கதிரையிலதான் இருந்தனான். நீங்கள்தான் பதினாலாவது ஆள்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாலு நிமிஷம் நிண்டனான் உள்ளுக்க" என்றார். "வெளிக்கிடத் தடியைத் தள்ள, முதல்தரம் அசையேல்லை. ரெண்டாந்தரம் ரெண்டு கையாலயும் தள்ளத்தான் வந்தது."

எனக்கு அன்றைக்கு அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு இருந்தது நினைவுக்கு வந்தது.

"தடி இறுகுது எண்டு அண்டைக்கே எழுதியிருக்கோணும். எழுதேல்லை. பட்டன் இருக்குத்தானே எண்டு விட்டிட்டன். எழுதியிருந்தால் கிரீஸ் போட்டிருப்பினம், நீங்கள் அகப்பட்டிருக்க மாட்டீங்கள்." பிறகு சொன்னார்: "நானும் நாலு நாளாச் சொல்லப் பாக்கிறன் அண்ணை. நீங்கள் தேத்தண்ணி போட எழும்பிப் போயிடுறீங்கள்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். அட்டையை மேசையில் வைத்தபோது, நான் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு எட்டிப் படித்தேன்.

'9.31 – அண்ணை – சொன்னவர்.'

'9.33 – நான் – சொன்னனான்.'